இரண்டாவது கிணறு

எங்கள் அருங்காட்சியகத்துக்கு வரும் தாய்மார் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். "செருப்போட வரலாம்" என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. அன்றைக்குச் சம்பூரிலிருந்து ஒரு பாடசாலைச் சுற்றுலா வந்திருந்தது. நாற்பது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், சோற்றுப் பார்சல்களைப் பார்த்துக்கொள்ள ஐந்து தாய்மார். பிள்ளைகள் சப்பாத்துச் சத்தத்தோடு உள்ளே ஓடிவிட்டார்கள். தாய்மார் வெறுங்காலோடு மெதுவாக வந்தார்கள்.

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரிகள் தங்கக் கட்டியது. மேல்மாடியில் இன்றும் விரிவுரை நடக்கிறது. கீழே இரண்டு அறைகள் அருங்காட்சியகம். ஒரு நங்கூரம், ஒரு கப்பல் மணி, சோடாப் போத்தல்கள், முதல் தொகுதி மாணவர்களின் படம், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சில பழைய வரைபடங்கள். நான் அங்கே ஒப்பந்த அடிப்படையில் உதவியாளர். பட்டம் முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்த பிறகு கிடைத்த வேலை இது. குறிஞ்சாக்கேணியில் எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள் நான்தான். "எங்கட றிஷானா பழைய சாமானுக்குக் காவல்" என்று உம்மா பக்கத்து வீட்டில் சொல்வா. அது பகிடியா கவலையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மற்றத் தாய்மார் நங்கூரத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் மட்டும் வரைபடப் பெட்டியை விட்டு அசையவில்லை. வெயிலில் கறுத்த, மெலிந்த பெண். கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

"மிஸ், இந்த வட்டம் என்ன?"

"கிணறு அக்கா. வட்டத்துக்குள்ள புள்ளி போட்டா கிணறு."

"அப்ப இது?"

"அதுவும் கிணறுதான்."

"ரெண்டு."

"ஓம், ரெண்டு."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ மிஸ். ரெண்டுதானே?"

நான் குனிந்து பார்த்தேன். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டில் சம்பூர்க் கரையில் ஓர் இறங்குதுறை கட்டத் திட்டமிட்டு அளந்து கீறிய படம் அது. இறங்குதுறை கட்டப்படவில்லை, படம் மட்டும் மிஞ்சியது. கரை, ஒரு கல், ஒழுங்கை என்ற ஒடுங்கிய தெரு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு வட்டங்கள்.

"ரெண்டு கிணறு அக்கா. சந்தேகமில்லை."

"இதை எனக்கு எழுதித் தருவீங்களா? சீல் குத்தி?"

வருகின்றவர்கள் என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். எழுத்தில் ஒன்றைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஏன் என்று கேட்டேன். பிள்ளைகள் மேல்மாடிக்குப் போய்த் திரும்பும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய பெயர் ஜெயரூபி. வயது நாற்பத்தொன்று. காலை ஐந்தரைக்குச் சைக்கிளில் இரண்டு கான்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பால் சேர்ப்பது அவருடைய தொழில். ஒன்பது மணிக்கு முன் குளிரூட்டும் நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். யாராவது தண்ணீர் கலந்திருந்தால் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஆனாலும் பால்மானியைப் போட்டுத்தான் காட்டுவார். "என்ர கண்ணை நீங்கள் நம்பத் தேவையில்லை, இதை நம்புங்கோ" என்பார். ஊரில் அதனால் அவரைப் பிடிக்காதவர்களும் உண்டு.

இரண்டாயிரத்து ஆறில் போர் வந்து சம்பூரை விட்டு எல்லோரும் ஓடியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. முகாமிலேயே கலியாணம், முகாமிலேயே மகள். பத்து வருடத்துக்குப் பிறகு ஊருக்குள் போகலாம் என்று விட்டபோது கணவர் சிறுநீரக வருத்தத்தோடு திருகோணமலை ஆசுபத்திரியில் கிடந்தார். ஒழுங்கையில் இருந்த மற்ற ஆறு குடும்பங்களும் போய்ப் பற்றை வெட்டி, எல்லை போட்டு, வேலி அடைத்துவிட்டன. கணவரை அடக்கம் செய்துவிட்டு ஜெயரூபி அக்கா மகளோடு போய்ச் சேர ஒரு வருடம் சென்றது.

அந்த ஒழுங்கையில் ஏழு காணிகள், ஒவ்வொன்றும் இருபது பேர்ச், ஏக்கரில் எட்டிலொன்று. மேற்கே ஒழுங்கை முகப்பில் குடிதண்ணீர்க் கிணறு. அதிலிருந்து முதலாம் காணி, இரண்டாம் காணி என்று கிழக்குப் பக்கமாகப் போகும். ஏழாவது அவருடைய தகப்பனின் காணி. அதற்கப்பால் வாய்க்கால். ஊர் மூடிக் கிடந்த காலத்தில் புல்டோசர் ஓடிய நிலத்தில் வீடும் இல்லை, வேலியும் இல்லை, பூவரசும் இல்லை. ஒரே ஒரு கிணறு மட்டும் தூர்ந்தும் தூராமலும் கிடந்தது. ஆண்கள் அதை வைத்து அளந்தார்கள். அளந்து முடித்தபோது ஏழாம் காணி வாய்க்கால் கரைக்கென்று அரசு விட்ட ஒதுக்குக்குள் விழுந்துவிட்டது. முன்பெல்லாம் வாய்க்கால் தள்ளி ஓடியது, வெள்ளத்தில் கரை உடைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

"வாய்க்கால் நகரேல்லை மிஸ். நாங்கள்தான் நகந்திட்டம்."

அந்தக் கிணறு குடிதண்ணீர்க் கிணறே இல்லை என்பது அவருடைய வாதம். ஒழுங்கையில் இரண்டு கிணறு இருந்தது. மற்றது பெண்கள் குளிக்க, துணி துவைக்க. சுற்றிவரக் கிடுகு மறைப்பு. ஆண்கள் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை; அது மரியாதை. வயலால் வந்தால் முகப்புக் கிணற்றில் கால் கழுவி, தண்ணீர் குடித்து, வீட்டுக்குப் போய்விடுவார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு எல்லை போட வந்ததும் ஆண்கள்தான். கண்ணில் பட்ட கிணற்றைத் தங்களுக்குத் தெரிந்த கிணறு என்று நினைத்துவிட்டார்கள். அதன் தண்ணீர் வாயில் வைக்கமுடியாத உவர். பத்து வருடம் பாவிக்காததால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்.

"தெரிஞ்ச பொம்பிளையள் ஒருத்தருமில்லையா அக்கா?"

"கிழவியள் முகாமிலயே செத்திட்டினம். ரெண்டு பேர் கனடாவில. மிச்சம் கலியாணம் முடிச்சு வாழ வந்ததுகள், கேட்டா ஞாபகமில்லை எண்டுதுகள். நான் சொன்னா, மனுசன் செத்த கவலையில உளறுறன் எண்டுறாங்கள்."

ஒதுக்குக் காணிக்கு அனுமதிப்பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாவிட்டால் வீட்டுத் திட்டத்தில் இடம் கிடையாது. மூன்று தடவை அவருடைய பெயர் பட்டியலில் ஏறி மூன்று தடவையும் வெட்டுப்பட்டிருந்தது. தகரக் கொட்டிலில் மாரிக்கு வாய்க்கால் உள்ளே வரும். மகளின் புத்தகங்களைக் கூரையில் கட்டித் தொங்கவிடுவார். இந்த வருடத்தோடு திட்டம் முடிகிறது. நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை பட்டியலை மூடுகிறார்கள். அவர் என்னோடு கதைத்தது ஒக்டோபர் மாதம் இரண்டாம் கிழமை.

நான் அடிமட்டம் கொண்டுவந்து கண்ணாடிமேல் வைத்து அளந்தேன். இரண்டு கிணறுகளுக்கும் இடையே அரை அங்குலம். படத்தில் ஓர் அங்குலம் நிலத்தில் ஐம்பது யார், அதாவது நூற்றைம்பது அடி. "இருபத்தைஞ்சு யார் அக்கா. இருக்கிற கிணத்தில இருந்து ஒழுங்கை முகப்புக் கல்லைப் பாத்து நேரா எழுபத்தைஞ்சு அடி. அங்க கிண்டினா மற்றக் கிணறு வரும்." நாடாவும் வேண்டாம், சில்லு போதும் என்றார். அவருடைய சைக்கிள் சில்லு ஒரு சுற்றுக்கு எண்பத்தெட்டு அங்குலம். குளிரூட்டும் நிலையத்தில் தூரத்துக்கு ஏற்பக் கூலி கொடுத்த காலத்தில், சில்லில் துணி கட்டிச் சுற்றை எண்ணிப் பழகியவர் அவர்.

அடுத்த திங்கட்கிழமை தொலைபேசி வந்தது.

"தங்கச்சி, ஒண்டுமில்லை."

மிஸ் என்றவர் தங்கச்சி என்று கூப்பிட்டது முதலில் எனக்குச் சந்தோசமாக இருந்தது. பிறகுதான் சொன்னது விளங்கியது. மூன்று நாள் வேலை முடிந்து வந்து, பத்துச் சுற்றும் கொஞ்சமும் அளந்த இடத்தில் ஆறடி ஆழத்துக்குக் கிண்டியிருக்கிறார். மணல், பிறகு களி. ஒழுங்கையே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. முதலாம் காணிக்காரர் தம்பிராசா பல்லுக் குத்திக்கொண்டு நின்று, "பிள்ளை, கிணறு வேணுமெண்டாச் சொல்லு, குழாய்க் கிணறு அடிச்சு விடுவம். இப்பிடிக் குழி வெட்டி மாட்டை விழுத்தாத" என்றாராம்.

"நான் கிண்டின கிடங்கை மூடேல்லை. நீங்கள் இன்னொருக்கா அளவுங்கோ," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் பெட்டிக்கு முன்னால் நின்றேன். அடிமட்டத்தை வைத்துவிட்டுத் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரித்தேன். அடிமட்டத்தின் கீழே புள்ளி நகர்ந்தது. வலப்பக்கம் சரித்தேன். மற்றப் பக்கம் நகர்ந்தது. கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. படவரைகலையில் எனக்கு ஏ தரச் சித்தி. கண்ணை நேராக வைக்காமல் அளந்தால் அளவு பிழையாகும் என்று அந்தப் பரீட்சையில் படம் கீறி விளக்கி எழுதியிருந்தேன். எழுதத் தெரிந்த ஒன்றைச் செய்யத் தெரியாமல் ஒரு பெண்ணை ஆறடி கிண்ட வைத்திருக்கிறேன். அந்தப் பட்டத்தை வைத்து வேறு யாருக்கு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

பொறுப்பாளர் குணரத்தினம் சேரிடம் போய்ப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்றேன்.

"திறக்க ஏலாது. திறப்புச் சாவி நிருவாகத்தில. கடிதம் வேணும், காரணம் வேணும். என்ன காரணம்?"

"நான் பிழையா அளந்திட்டன் சேர்."

"எதை?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீர் உதவியாளர். காணிக் கந்தோர் உத்தியோகத்தர் இல்லை. நாளைக்கு வழக்கு எண்டு வந்தா என்ரை பேரெல்லோ அடிபடும்?"

"அவ கிடங்கை மூடாம வைச்சிருக்கிறா சேர்."

"அதுக்கு?"

"எனக்கும் ஒரு பதில் வேணும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு ஒரு தாளை இழுத்தார். "காரணம்: பாதுகாப்புப் பரிசோதனை. கறையான் எண்டு போடுறன். கறையான் எண்டாத்தான் நிருவாகம் பயப்படும்."

அப்படியும் திறப்பு வர ஒன்பது நாள் சென்றது. கண்ணாடியைத் தூக்கிப் படத்தை வெளியே எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது அளவு அல்ல. பென்சில் எழுத்து. கண்ணாடிக்கு மேலால் தெரியாத அளவுக்கு மங்கிய ஆங்கில எழுத்து, வட்டங்களின் ஓரத்தில். முகப்புப் பக்கக் கிணற்றில், குடிக்க நல்ல நீர். மற்றதில், உவர், கழுவ மட்டும்.

கவராயத்தை வைத்து மூன்று தடவை அளந்தேன். குணரத்தினம் சேர் நான்காவது தடவை அளந்தார். அரை அங்குலம் இல்லை. அதற்கும் கொஞ்சம் குறைவு. இருபத்திரண்டு யார். அறுபத்தாறு அடி. ஒரு காணியின் அகலமும் அறுபத்தாறு அடிதான்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஒழுங்கை சரியாக ஒரு காணியால் நகர்ந்திருந்தது. ஒன்பது வருடமாக ஆறு குடும்பங்கள், ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டுக்காரரின் காணியில் வீடு கட்டி, வேலி போட்டு, வேலிக்காகச் சண்டையும் பிடித்துக்கொண்டு இருந்திருக்கின்றன. உண்மையான முதலாம் காணி ஆளில்லாமல் பற்றையாகக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மூதூர் பஸ் எடுத்து, அங்கிருந்து ஓட்டோவில் சம்பூருக்குப் போனேன். ஜெயரூபி அக்கா மண்வெட்டியோடு தயாராக நின்றார். இந்த முறை சில்லு ஒன்பதே சுற்று. துணி ஒன்பதாம் முறை நிலத்தைத் தொட்ட இடம் பழைய கிடங்கின் விளிம்பிலிருந்து ஆறேழு அடி. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெட்டத் தொடங்கினார். நான் வாளியில் மண் அள்ளினேன்.

தம்பிராசா வந்தார். பின்னால் இன்னும் நாலைந்து பேர். அவருடைய மனைவி பாக்கியரத்தினம் வேலியோடு நின்றுகொண்டார்.

"கம்பஸ் பிள்ளையையும் கூட்டியந்து மண் அள்ள விட்டிருக்கிறாய். அவள் பட்டம் எடுத்தது இதுக்கே?"

"அதைத்தான் அண்ணை நானும் யோசிக்கிறன்," என்றேன். சிலர் சிரித்தார்கள்.

மூன்றரை அடியில் மண்வெட்டி கல்லில் பட்டது. ஜெயரூபி அக்கா மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் துடைத்தார். கடலிலிருந்து எடுத்துக் கிணறு கட்டும் முருகைக்கல். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்றும் நேராக இல்லை, வளைந்து போயின. அவர் வளைவோடு கையை ஓட்டிக்கொண்டே போனார். நின்றவர்கள் கிடங்கின் விளிம்புக்கு நெருங்கி வந்தார்கள்.

முதலில் கதைத்தவர் தம்பிராசா. "அப்ப நான் இருக்கிறது ஆருடைய காணியில?"

"ரெண்டாம் காணியில அண்ணை," என்றார் ஜெயரூபி அக்கா கிடங்குக்குள் இருந்தபடி. "ரெண்டாம் காணிக்காரர் மூண்டில. அப்பிடியே போய், என்ர அப்பான்ர காணியில ஆறாம் காணிக்காரர் மாட்டுப்பட்டி வைச்சிருக்கினம்."

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். புதுக் குசினி கட்டியவர், மதில் கட்டியவர், தென்னை வைத்தவர். "வீட்டைக் கழட்டித் தோளில வைச்சுக்கொண்டு போறதே?" என்று ஒருவர் கத்தினார்.

"ஒருத்தரும் ஒரு வேலிக் கதியாலும் பிடுங்கத் தேவையில்லை," என்று ஜெயரூபி அக்கா மேலே ஏறி வந்தார். "எல்லாரும் இருக்கிற இடத்திலயே இருங்கோ. இந்த வெறுங்காணியை எனக்கு விடுங்கோ. ஆறு பேரும் சம்மதமெண்டு கையெழுத்து வைச்சாச் சரி."

அப்போதுதான் தம்பிராசாவின் முகம் மாறியது. அவர் கிடங்கைப் பார்த்தார். பற்றையைப் பார்த்தார். "அதெப்பிடி? கணக்குப்படி இது முதலாம் காணி. முதலாம் காணி என்ர. நல்ல தண்ணிக் கிணறும் என்ர காணிக்குள்ளதான் வருது."

படத்தை வைத்து நான் நிறுவியது அவருடைய உரிமையை. ஜெயரூபி அக்காவுக்கு அதில் உரிமையென்று ஒன்றும் இல்லை.

"ஒன்பது வருசமா இது காடெண்டீங்கள்," என்றார் அவர்.

"இப்ப தெரிஞ்சிட்டுதே."

"உங்களுக்கு இப்ப தெரிஞ்சது. எனக்குத் திரும்பி வந்த முதல் நாளே தெரியும்."

அதைச் சொன்னது வேலியோடு நின்ற பாக்கியரத்தினம். எல்லோரும் திரும்பினார்கள். "கலியாணம் முடிச்சு வந்து நாலு வருசம் அந்தக் கிணத்திலதான் உடுப்புத் தோய்ச்சனான். இது தோய்க்கிற கிணறு, எல்லை பிழைக்குதெண்டு நீங்கள் அளந்த அண்டைக்கே சொன்னனான். என்ன சொன்னீங்கள்?"

தம்பிராசா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பொம்பிளையளுக்கு எல்லையைப் பற்றி என்ன தெரியுமெண்டீங்கள். சொன்னீங்களா இல்லையா?"

"அக்கா," என்றார் ஜெயரூபி அக்கா. மண் ஒட்டிய கையோடு வேலிப் பக்கம் போனார். "ஏன் நீங்கள் எனக்குச் சொல்லேல்லை? எட்டு மாரி."

பாக்கியரத்தினம் நிலத்தைப் பார்த்தார். "சொன்னா என்ர வீட்டையெல்லோ முதல்ல இடிக்கவேணும். அப்பதான் கூரை போட்டம்." பிறகு கணவரைப் பார்த்தார். "இப்ப இந்தக் காணிதான் வேணுமெண்டா இருக்கிறதை விட்டுட்டு இதில வந்து கொட்டில் போடுங்கோ. நான் வரமாட்டன். ஒரு தாளைக் கொண்டாங்கோ, நான் வைக்கிறன் கையெழுத்து."

"காணி என்ர பேரில," என்று தம்பிராசா முனகினார்.

"அப்ப நீங்கள் வையுங்கோ."

அவர் உடனே வைக்கவில்லை. மூன்று கிழமைக்கு மேல் இழுத்தார். கோயில் கூட்டத்தில் கதைப்போம் என்றார், மகனைக் கேட்கவேண்டும் என்றார். ஜெயரூபி அக்கா தினமும் காலையில் பால் எடுக்கப் போகும்போது அவருடைய படலையில் சைக்கிளை நிறுத்தி மணி அடிப்பார். "அண்ணை, இண்டைக்கு?" அவ்வளவுதான் கேட்பார். மற்ற ஐவரும் வைத்துவிட்டார்கள். கடைசியில் தம்பிராசா ஒரு நிபந்தனை போட்டார். கிணற்றைத் துப்புரவாக்கினால் தனக்குத் தண்ணீர் அள்ள விடவேண்டும்.

"தண்ணி ஒழுங்கைக்கே பொது. எப்பவும் அப்பிடித்தான். காணி எனக்கு," என்றார் ஜெயரூபி அக்கா. தம்பிராசா கையெழுத்து வைத்தது வியாழக்கிழமை பின்னேரம். பட்டியல் மூடும் வெள்ளிக்கு முதல் நாள்.

வெள்ளி காலை படத்தின் அத்தாட்சிப் பிரதியோடு பிரதேச செயலகத்தில் அவரைச் சந்தித்தேன். குணரத்தினம் சேர் தன் பெயரிலேயே ஒப்பமிட்டுச் சீல் குத்தியிருந்தார். காணி உத்தியோகத்தர் கடந்த கிழமையே வந்து கிணற்றைப் பார்த்து, நாடா பிடித்து அளந்துவிட்டுப் போயிருந்தார். கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார்.

"சரி. அனுமதிப்பத்திரம் வர மூண்டு மாதம் செல்லும்."

"வீட்டுப் பட்டியல் இண்டைக்கு மூண்டு மணிக்கு மூடுது சேர்."

"பத்திரம் இல்லாமல் நான் என்ன செய்ய?"

"ஒதுக்குக் காணி இல்லை, பத்திரம் வழங்கச் சிபாரிசு செய்யிறனெண்டு ஒரு கடிதம் தாங்கோ. போன முறை மாவட்டக் கச்சேரிக் கந்தோரில கேட்டனான். கடிதம் இருந்தாப் போதுமாம்."

"திங்கட்கிழமை வாங்கோ, அடிச்சுத் தாறன்."

ஜெயரூபி அக்கா எழும்பவில்லை. "நான் இருக்கிறன் சேர். நீங்கள் மற்ற ஆக்களைப் பாருங்கோ. முடிஞ்சாப்பிறகு எழுதுங்கோ."

உத்தியோகத்தர் மற்றவர்களைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தார். ஜெயரூபி அக்கா அதே கதிரையில் இருந்தார். நான் வாங்கிவந்த பணிசையும் தொடவில்லை. நேரம் போகப் போக எனக்குத்தான் கோபம் வந்தது. எழும்பிப் போய்க் கத்தவேண்டும் போல இருந்தது. அவர் என் கையைப் பிடித்து இருத்தினார். இரண்டரைக்கு உத்தியோகத்தர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தட்டச்சு செய்யும் பிள்ளையைக் கூப்பிட்டார்.

வீட்டுத் திட்டப் பகுதி மேல்மாடியில். படி ஏறும்போது இரண்டு ஐம்பது. அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் கடிதத்தை வாசித்து, கோவையைத் தேடி எடுத்து, பழைய விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"இதில காணி இலக்கம் ஏழு எண்டிருக்கு."

"அதை வெட்டிட்டு ஒண்டு எண்டு போடுங்கோ தம்பி."

அவர் பேனையால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஒன்று என்று எழுதி, கோவையை மூடப் போனார்.

"மூடாதேங்கோ," என்றார் ஜெயரூபி அக்கா. "வெட்டின இடத்தில உங்கட கையெழுத்தும் வையுங்கோ. திகதியும் போடுங்கோ. பிறகு ஆரும் வந்து பிழை எண்டு சொல்லக்கூடாது."